ஐம்பது மீட்டரில் தெரிந்த கருப்பு

காலை ஆறு பத்துக்குத் துடியலூரில் பஸ் ஏறினேன். மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. உக்கடத்துக்கு டிக்கெட் பதினேழு ரூபாய். துணிப்பையில் தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, நூறடி டேப் ஒன்று. டேப் எதற்கு என்று மனைவி கேட்டாள். தூரம் அளக்க வேண்டியிருக்கும் என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இப்படித்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

போகிற ஊர் சேத்துமடைக்குச் சில கிலோமீட்டர் முன்னால், மலையடிவாரத்தில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப்பெயரை எழுதப் போவதில்லை. மற்றபடி போன வழி, கொடுத்த காசு, நடந்த தூரம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அளவு தப்பாமல் வேலை பார்த்துப் பழகியவன் நான். முப்பத்தைந்து வருடம் பம்ப் கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். பக்கத்திலிருந்த ரைஃபிள் கிளப்பில் டார்கெட் அட்டையை இழுத்துவரும் மோட்டார் கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் பார்க்கப் போனவன் ஒருநாள் பிஸ்டலை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். அரம் பிடித்த கை, ஆடவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக அங்கே பிஸ்டல் பழக்குகிறேன். என்னிடம் பழகியவர்களில் ஒருவன் போன கார்த்திகையில் ஓர் ஆளைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அவனைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஏழு ஐந்துக்கு உக்கடம். பொள்ளாச்சி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை என்பதை மறந்துபோயிருந்தேன். சட்டைப்பை பிதுங்க நோட்டும் தோளில் துண்டுமாக வியாபாரிகள் ஏறியிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். ஈச்சனாரி வரை நின்றுகொண்டே போனேன். கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கியதும் கடைசி சீட்டில் ஒரு தரகர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஊர்ப்பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அங்கேதானே தோப்புச் சொந்தக்காரன் தன் வேலையாளைச் சுட்டது என்றார். ஆமாம் என்றேன். அடுத்த கால் மணி நேரம், நடந்தது முழுக்க எனக்கே அவர் சொன்னார். அவர் கணக்கில் அது சட்டவிரோதமாக வந்த மிஷின் துப்பாக்கி. ஒரே அழுத்தில் பத்துக் குண்டு போகும். செத்தவர் நெஞ்சில் நாலு ஓட்டை. நான் கேட்டுக்கொண்டே வந்தேன். தவறாகச் சொன்ன ஒவ்வொன்றையும் திருத்த வாய் துறுதுறுத்தது. திருத்தினால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்.

வாசகர்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒற்றைத் தோட்டாப் பிஸ்டல். லைசென்ஸ் உள்ளது. ஐம்பது மீட்டர் போட்டிக்கென்றே செய்தது. உள்ளே தோட்டா அடுக்க இடமே கிடையாது. ரைஃபிளில் இருப்பது போலப் பின்பக்கம் ஒரு போல்ட். கதவுத் தாழ்ப்பாளை நீக்குவது போல அதன் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, முன்னால் தள்ளிக் கீழே மடக்க வேண்டும். ஒரு சூடு முடிந்தால் மறுபடி முதலிலிருந்து இதையே செய்ய வேண்டும். பிடி மரத்தால் ஆனது, அவரவர் கைக்கு இழைத்தது. சுட்டவன் பெயர் கதிர்வேல், அவன் பிடியை இழைத்தவன் நானே. குண்டு பென்சில் முனையளவு ஈயம். செத்துப்போன ஆறுச்சாமியின் கழுத்தில் இருந்தது ஒரே ஒரு ஓட்டை.

கதிர்வேலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு, பொள்ளாச்சியில் ஒரு உரக்கடை. ஏழு வருடமாக ஞாயிறு தோறும் அத்தனை தூரம் பஸ் ஏறி வந்து பழகினான். மாநிலப் போட்டி வரை போனான். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவன் என்று எழுத வந்தேன். ஒன்று இருந்தது. வெளிநாட்டில் போல்ட் வைத்த நீளக் குழல் பிஸ்டல்களில் தொலைநோக்கி மாட்டி மானையும் பன்றியையும் வேட்டையாடுகிறார்கள். அந்த வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் என்னிடமும் காட்டினான். தன் தோப்பில் வைத்த தென்னம்பிள்ளைகளைக் காட்டுப்பன்றி பிடுங்கிப் போடுவதைச் சொல்லி, நம்முடையதும் போல்ட் பிஸ்டல்தானே மாஸ்டர் என்றான். அதெல்லாம் பெரிய தோட்டா, உன் ஈயத்துக்குப் பன்றி ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விடும் என்று சொல்லிச் சிரித்தேன். பன்றியைச் சுடுவது குற்றம் என்று சொல்லவில்லை. தோப்பில் பிஸ்டலை வெளியே எடுக்காதே என்றும் சொல்லவில்லை. சிரித்ததோடு சரி.

எட்டரைக்குப் பொள்ளாச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு இட்லி, ஒரு டீ, ஐம்பத்தைந்து ரூபாய். இட்லி நன்றாகத்தான் இருந்திருக்கும். வெளியே வண்டி வண்டியாக மாடு போய்க்கொண்டிருந்தது. பின்பலகையில் கட்டியிருந்த ஒரு எருமை என்னையே பார்த்துக்கொண்டு போனது.

ஒன்பது மணிக்கு ஆனைமலை வழியாகச் சேத்துமடை போகும் டவுன் பஸ். இருபத்திரண்டு ரூபாய். அம்பராம்பாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தோப்புதான், நடுநடுவே தேங்காய் உரிக்கும் களம், கொப்பரை காயும் வாசனை. புதிதாக வருகிறவர்கள் இந்தச் சாலையை அழகு என்பார்கள். போட்டோ எடுக்கக் கூட்டமாக வருகிறவர்களும் உண்டு. நான் பார்த்ததெல்லாம் மரத்தடி நிழல். காலை ஒன்பதரைக்கே உள்ளே இருட்டாக இருந்தது. கதிர்வேல் சுட்ட நேரம், சாயங்காலம் ஆறேகாலுக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

நடந்த அன்று ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. போலீசுக்கு முன்னால், தன் அண்ணனுக்கு முன்னால் கதிர்வேல் கூப்பிட்டது என்னைத்தான். "கருப்பாத் தெரிஞ்சுதுங் மாஸ்டர். நுனிய வெச்சு அழுத்திப்போட்டேனுங்க" என்றான். அதையே மூன்று தடவை சொன்னான். பிறகு போன் கட்டானது. போலீசிடம் எழுதிக் கொடுத்தது வேறு. சுட்டுப் பழகி முடித்துவிட்டுத் தோட்டாவை வெளியே எடுக்கப் போல்ட்டைத் தூக்கினேன், தானாக வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தான். அது நடக்காத காரியம். அந்தப் பிஸ்டலில் போல்ட் பிடியை ஒரு நூல் தூக்கினாலே உள்ளே அடிக்கிற ஊசி தோட்டாவை எட்டாது. ஆனால் அதன் விசை மிக லேசானது, இறகு பட்டால் விடும் அளவுக்கு. போட்டிக்கு இருக்க வேண்டிய அளவுதான் அது, அப்படி அமைத்துக் கொடுத்ததும் நான்தான். விசை அளவுக்கு மீறி லேசாக இருந்தது, தானாக வெடிக்க வாய்ப்புண்டு என்று பழக்கிய ஆளே எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்காது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பிஸ்டல் சென்னையில் பரிசோதனையில் இருக்கிறது. அங்கிருந்து அறிக்கை வருவதற்குள் என் கையெழுத்து வேண்டும். இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று கதிர்வேல் கூப்பிட்டிருந்தான். போடுவதா இல்லையா என்று தெரியாமலேயே கிளம்பி வந்திருக்கிறேன்.

பத்து ஐந்துக்கு இறங்கினேன். கதிர்வேல் பைக்கோடு நின்றிருந்தான். பதினான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன். தாடி வைத்திருந்தான், அதில் பாதி வெள்ளை. வாங்க மாஸ்டர் என்று பையை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போகாமல் நேரே தோப்புக்கு விடச் சொன்னேன்.

தோப்பு ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் உள்ளே. மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் நின்று சுடுவானாம். எதிரே ஒரு பட்டுப்போன தென்னையில் டார்கெட் அட்டை அடித்த ஆணி இன்னும் இருந்தது. பின்னால் மண்மேடு போட்டிருக்கிறான். எல்லாம் கிளப்பில் சுடும் ரேஞ்சில் உள்ளது போலவே செய்திருக்கிறான். சிவப்புக் கொடி மட்டும் இல்லை. கொடி ஏறியிருந்தால் யாரும் எதிரே போகக் கூடாது, கொடியை இறக்கி, போல்ட்டைத் திறந்து வைத்து எல்லாரும் பின்வாங்கிய பிறகுதான் அட்டை பார்க்கப் போக வேண்டும். ரேஞ்சில் கொடி ஏற்றுவது என் வேலை. பழகுகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை, யாரோ ஏற்றியிருப்பார்கள் என்று சுடுவார்கள். ஏழு வருடத்தில் கதிர்வேல் ஒரு தடவைகூடக் கொடி ஏற்றியதில்லை.

அன்றைக்கும் அதே மாதிரி மேடை ஏறியிருக்கிறான். காதில் இரண்டு பக்கமும் மூடும் காதடைப்பு. கண்ணில் பிஸ்டல் சுடுகிறவர்கள் போடும் கண்ணாடி. அதில் இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் தகடு மறைத்திருக்கும், வலது கண்ணுக்கு முன்னால் மிளகளவு துவாரம். முப்பது தோட்டா சுட்டு முடித்த நேரம், வெளிச்சம் இறங்கிவிட்டது. இடது பக்கம் புதிதாக வைத்த பிள்ளைகளின் வட்டப் பாத்தியில் ஏதோ குனிந்து அசைவதைப் பார்த்தான். கருப்பு. நாலு நாளாகப் பன்றி வந்துகொண்டிருந்த பாத்தி. கையில் இருந்ததோ முப்பத்தோராவது தோட்டா ஏற்றிய பிஸ்டல்.

அது பாத்திக்கு வேப்பம் புண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி. பதினோரு வருடமாக அந்தத் தோப்பில் வேலை செய்கிறவர். காலையிலேயே வைத்து முடித்துவிடச் சொல்லியிருந்ததாகவும், அவர் சபரிமலைக்கு மாலை போட்டவர் என்பதால் காலையில் பூஜைக்குப் போய்விட்டு, சாயங்காலம் விட்டுப்போன வேலையை முடிக்க வந்ததாகவும் கதிர்வேல் சொன்னான்.

"எப்பவுமே காக்கி டவுசருதானுங் மாஸ்டர். அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தித்தான் மாலை போட்டாப்ல. கருப்பு வேட்டில நான் பாத்ததே இல்லீங்க" என்றான்.

டேப்பை விரித்தேன். ஒரு முனையை மேடையில் அவன் பிடித்துக்கொண்டான். நூறடி முடிந்த இடத்தில் கல் வைத்து மறுபடி அளந்தேன். மேடையிலிருந்து பாத்தி வரை நாற்பத்தாறு மீட்டர், முப்பது சென்டிமீட்டர். பாத்தியில் தென்னம்பிள்ளை பச்சையாக நின்றது. யாரோ தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கிருந்து மேடையைத் திரும்பிப் பார்த்தேன். கதிர்வேல் டேப்பை விடாமல் பிடித்தபடி நின்றான். அவன் மூக்கு, தாடி, சட்டைப் பொத்தான் எல்லாம் தெரிந்தது. வெறும் கண்ணால் ஒரு விநாடி பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு விநாடியை அவன் நுனிக்குக் கொடுத்தான். ஏனென்றால் நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழலின் நுனியில் நகத்தளவு இரும்புத் துண்டு ஒன்று நிற்கும். பிஸ்டல் சுடுகிறவன் அதை மட்டும்தான் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணால் நுனியையும் தூரத்து அட்டையையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. அட்டையைப் பார்த்தால் நுனி ஆடும், குண்டு தப்பும். அதனால் அட்டை மங்க வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் முதல்நாள் நான் சொல்வது இதுதான். நுனியைப் பார், கருப்பு கரையட்டும். கருப்பு என்பது அட்டையின் நடு வட்டம். அது வட்டமாகத் தெரிந்தால் உன் கண் தப்பு என்பேன். அட்டையை எட்டிப் பார்க்கிறவன் தலையில் குட்டியிருக்கிறேன். வேட்டைக்குப் போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதோ இதற்கு நேர் எதிர். எதிரில் இருப்பது என்ன என்று தெரியும்வரை துப்பாக்கியைத் தூக்கவே கூடாது. அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு வேட்டை தெரியாது, அது என் வேலையும் அல்ல என்று இருந்துவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு வீட்டில் சாப்பாடு. கதிர்வேலின் மனைவி அரசாணிக்காய்ப் பொரியலும் கொள்ளுப் பருப்பும் வைத்திருந்தார். பசித்தது, சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. கை கழுவியதும் வக்கீல் தட்டச்சு செய்து அனுப்பியிருந்த தாளைக் கதிர்வேல் கொண்டுவந்து வைத்தான். ஒன்றரைப் பக்கம். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. படித்தேன். என்னைக் குற்றம் சொல்லும் வரிகளும் அதில் இருந்தன. விசையை அளவுக்கு மீறி லேசாக்கியது நான்தான் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது மனசு லேசானது என்பதுதான் உண்மை. செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டு, செய்ததிலிருந்து தப்பித்துவிடலாம் அல்லவா.

கதிர்வேல் என் காலடியில் உட்கார்ந்தான். எனக்குப் பெண் பிள்ளைகள் இரண்டு இருக்கிறது மாஸ்டர் என்றான். பிறகு அவன் மனைவி சமையலறைக் கதவோரம் நின்று பேசினார்.

"கோர்ட்டுக்குக்கூட இல்லீங்ணா. சாந்தாமணி செவ்வாக்கெழம தவறாம மாசாணியம்மன் கோயலுக்குப் போறா. மொளகா வாங்கி மடில கட்டீட்டு உக்காந்திருக்கறா. இன்னும் அரைக்கலீங்க. உங்க எழுத்து வந்துருச்சுன்னா அரைக்க மாட்டா."

சாந்தாமணி என்பது ஆறுச்சாமியின் மனைவி. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நடப்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய்க் காய்ந்த மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்புச் செய்தவன் பெயரைச் சொல்லிப் பூச வேண்டும். தொண்ணூறு நாளில் அம்மன் தீர்த்துவைப்பாள் என்பது நம்பிக்கை. தப்பில்லாதவன் பெயரைச் சொன்னால் பூசியவர் மேலேயே திரும்பும் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். துப்பாக்கி தானாக வெடித்தது என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள், சுட்டான் என்று மீதிப் பேர். யார் சொல்வது உண்மை என்று தெரியாமல் அந்த அம்மாள் மூன்று மாதமாக மிளகாயை வாங்குகிறார், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார். தப்பான ஆள் மேல் போய்விடக் கூடாது என்று அவர் பயப்படுகிறார். சரியான ஆள் மேல் வந்துவிடக் கூடாது என்று இந்த வீட்டில் பயப்படுகிறார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன். இரண்டு மணி பஸ். கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று நடந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு ஆனைமலையில் இறங்கினேன். பொள்ளாச்சி பஸ் எதிரே தயாராக நின்றது. ஏறியிருக்கலாம். ஏறி உட்கார்ந்தும் விட்டேன். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதும் எழுந்து இறங்கிவிட்டேன். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் கிளப் இருந்தால் மாதா கோயிலுக்குப் போகாதவன். மாசாணியம்மன் கோயிலுக்கு அன்றுதான் முதல்முறை போகிறேன். அம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வரிசை நீளமாக இருந்தது, உள்ளே போய்ப் பார்க்கவில்லை. மிளகாய் விற்கும் அம்மாளிடம், சேத்துமடைப் பக்கத்திலிருந்து வாராவாரம் வந்து அரைக்காமல் போகிறவர் யார் என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை, தூணோரம் கை காட்டினார். அங்கே அவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கையில் பழைய தழும்பு, மடியில் மிளகாய்ப் பொட்டலம். தேங்காய்க் களத்தில் வேலை செய்கிற கை, என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் குனிந்தவர்கள்தான். சாயங்காலம் வெளிச்சம் போகும் நேரத்தில் அப்பா பாத்தியில் குனிந்திருப்பதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவரை ஒருவன் அப்படிச் சுட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அந்த இடத்தில்தான் முதல்முறையாகத் தோன்றியது. அதுவரை என் யோசனையெல்லாம் கதிர்வேலைப் பற்றியும் என்னைப் பற்றியுமாகவே இருந்திருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கோயமுத்தூரிலிருந்து வருகிறேன், கதிர்வேலுக்குத் துப்பாக்கி பழக்கியவன் நான் என்று சொன்னேன். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கத்தினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரம் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, தானா வெடிச்சுதுங்களா? அவரு சுட்டாருங்களா?"

"அவருதானுங்க சுட்டாரு. அது தானா வெடிக்கற சாமான் இல்லீங்க அம்மணி."

"எங்கூட்டுக்காரருன்னு தெரிஞ்சுங்களா?"

"இல்லீங்க. பாக்கவே இல்லீங்க. பாக்காம சுடறதுக்குப் பழக்குனது நான்."

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும். கட்டை விரலை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். எதிரே விளக்குக் கம்பத்துக்கு அடியில் கருப்பு வேட்டியெல்லாம் இல்லாமல், சாதாரணமாக ஒரு பெரியவர் உட்கார்ந்து தேங்காய் மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நகத்தை மட்டும் பாருங்கள், அவரைப் பார்க்காதீர்கள் என்றேன். சாந்தாமணி கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சொன்னபடியே பார்த்தார். இதைப் பதினெட்டு வருடமாக எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன். முதல் தடவையே சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. அவர் செய்தார்.

"பெரியவரு கரைஞ்சாப்ல தெரியறாருங்க" என்றார்.

அப்படித்தான் என்றேன். சாந்தாமணி கையை இறக்கவில்லை. பெரியவர் எழுந்து போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து மிளகாயைத் தரையில் கொட்டினார். காம்பு கிள்ள ஆரம்பித்தார். நானும் கிள்ளினேன். இரண்டு பேருமாக அந்தப் பொட்டலம் முழுக்கக் கிள்ளி முடித்தோம். அதற்குள் அவர் கேட்டது கொஞ்சம்தான். கோர்ட்டிலும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே அது முடிவாகத் தெரிந்தது.

மிளகாயைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்தவர் நின்றார்.

"உங்க பேரையுஞ் சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க அம்மணி. ஆரோக்கியசாமி."

"அப்பா பேருங்க? அதே பேருல வேற ஆளு இருப்பாங்கல்லங்க. அவங்க மேல போயிரப்படாதுங்க."

அப்பா பெயர் சவரிமுத்து என்றேன். துடியலூர் என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நிதானமாக, தப்பு வந்துவிடக் கூடாது என்கிற கவனத்தோடு. அப்பாவைக் கல்லறையில் வைத்து இருபத்தேழு வருடமாகிறது. அவர் பெயரை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கல்லில் அரைக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. பக்கத்துக் கல்லில் நகை திருட்டுப் போன ஒரு பெண் சத்தம் போட்டு அழுதுகொண்டே அரைத்தார். சாந்தாமணி அழவில்லை. அரைத்து வழித்து எடுத்துக்கொண்டு போய்ப் பூசினார். உதடு அசைந்தது தெரிந்தது. காரம் காற்றில் ஏறி எல்லாரும் இருமினோம். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "குழாய் அந்தப் பக்கமுங்க. நல்லாக் கழுவிப்போட்டு பஸ் ஏறுங்க. அப்படியே கண்ணத் தொட்டுப்போடாதீங்க" என்றார். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

நாலரைக்குப் பொள்ளாச்சி பஸ். அதிலிருந்தே கதிர்வேலைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட முடியாது, நீ முதலில் என்னிடம் போனில் சொன்னதைத்தான் கோர்ட்டில் சொல்வேன் என்றேன். பஸ் இரைச்சலில் போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. "சரிங் மாஸ்டர்" என்றான். "அரைச்சுட்டாளுங்களா?" என்று கேட்டான். அரைத்துவிட்டார், இரண்டு பேர் பெயரும் சொல்லி, என்றேன். வைத்துவிட்டான்.

உக்கடத்தில் ஏழு மணி. அங்கிருந்து துடியலூர் பஸ்ஸில் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் போனில் சிரிப்பு வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். கவுண்டம்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். நம்ம வீட்டு அட்ரஸையுமா சொன்னீங்க என்றாள்.

அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போனேன். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள், கல்லூரிப் பெண் ஒருத்தி, டாக்டர் ஒருவர். முதல் பாடம். நுனியைப் பார் என்று சொல்லாமல் யாருக்கும் பிஸ்டல் பழக்க முடியாது, அதற்கு வேறு வழி கிடையாது. வாய் வரை வந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். அப்புறம் என்ன செய்ய வேண்டும் சார் என்று அந்தப் பெண் கேட்டாள். சாவியைச் செயலாளர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மோட்டார் கெட்டால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அந்தக் கல்லில் நம்பிக்கை கிடையாது. இன்று முப்பத்தெட்டாவது நாள்.